பிரிந்தவர்கள் திரும்பச் சேரும் கதைகள்: அவன் வர முடியவில்லையா, வரவில்லையா?

குளக்கட்டுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பிரிந்துபோன காதலர்கள் பல வருடங்கள் கழித்துத் திரும்பச் சேரும் கதை ஒன்றை ஒன்றரை வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வகைக் கதை என்றால் எனக்கு உயிர். மாத நாவலாக இருந்தாலும் சரி, இணையத்தில் வாராவாரம் வரும் தொடராக இருந்தாலும் சரி, பழைய காதலன் வாசலில் வந்து நிற்கும் இடம் வந்துவிட்டால் அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

என் கதை இதுதான். இருவரும் கிளிநொச்சியில் ஒரே ரியூசன் வகுப்பு. சமாதான காலம், யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்து பஸ் ஓடிக்கொண்டிருந்த நேரம். அவன் யாழ்ப்பாணக் கம்பஸுக்கு எடுபட்டுப் போகிறான். லீவு கிடைக்கும்போதெல்லாம் வந்து போகிறான். 2006 ஆகஸ்டில் அந்த வீதியின் முகமாலைச் சாவடி மூடப்படுகிறது. அவன் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். பிறகு அவளுக்கு இடப்பெயர்வு, முள்ளிவாய்க்கால், முகாம். 2018 இல் கிளிநொச்சியில் ஒரு செத்த வீட்டில் இருவரும் சந்திக்கிறார்கள். கடைசியில் சேருகிறார்கள்.

சிநேகிதி ஒருத்தியிடம் வாசிக்கக் கொடுத்தேன். "எல்லாம் வடிவாக இருக்கிறது. ஆனால் அவர்கள் சேர்ந்தபோது எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்றாள். இரண்டு கிழமையாக இந்த வார்த்தைதான் காதுக்குள் நிற்கிறது. எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்க உதவி செய்யுங்கள்.

பாலைப்பழம் எழுதியது:

அக்கா, முதலில் ஒரு நன்றி. எங்கள் ஊரை வைத்து யாராவது இப்படி ஒரு கதை எழுத மாட்டார்களா என்று நான் கனநாளாகக் காத்திருக்கிறேன்.

நான் வாசிப்பவற்றில் முக்கால்வாசியும் ஒரே அச்சு. ஹீரோ ஏழை, அவள் விட்டுப் போகிறாள், ஐந்து வருடத்தில் பெரிய பணக்காரனாகத் திரும்பி வந்து பழிவாங்குவதற்காக அவள் கழுத்தில் தாலியைக் கட்டுகிறான். பிறகு முப்பது அத்தியாயம் அவளை அழவைக்கிறான். கடைசி அத்தியாயத்தில் ஏதோ ஒரு பழைய கடிதம் கிடைக்கிறது, "நீ குற்றமற்றவள்" என்று தெரிகிறது, சுபம். எனக்கு இதில் தாங்க முடியாதது, அவள் குற்றமற்றவள் என்று கடிதம் வந்து சொன்ன பிறகுதான் அவன் நம்புகிறான் என்பது. அவள் வாயால் சொன்னபோது நம்பவில்லையே. அப்படிப்பட்டவனோடு அடுத்த ஐம்பது வருடம் எப்படி இருப்பது?

முதற் காதல் கதையில் இவர்கள் சேருவார்களா என்று கேட்டுக்கொண்டு வாசிக்கிறோம். இந்த வகையில் சேருவார்கள் என்பது முதற் பக்கத்திலேயே தெரியும். திரும்ப நம்புவதற்கு இவளுக்கு என்ன இருக்கிறது என்பதைத் தேடித்தான் நான் பக்கம் புரட்டுகிறேன். உங்கள் கதையில் அந்தப் பன்னிரண்டு வருடத்தை எப்படி எழுதியிருக்கிறீர்கள்?

குளக்கட்டுக்காரி எழுதியது:

தங்கச்சி, உண்மையைச் சொல்கிறேன். "பன்னிரண்டு வருடங்கள் ஓடிப்போயின" என்று ஒரு வரி. அடுத்த அத்தியாயம் செத்த வீட்டில் தொடங்குகிறது.

வெட்டைக்காற்று எழுதியது:

அந்த ஒரு வரியில்தான் உங்கள் கதை புதைந்து கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் இருந்தவன், அதனால் கேட்கிறேன். முகமாலை மூடிய பிறகு பாதை இல்லை என்பது சரிதான். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குக் கப்பல் இருந்தது. அங்கிருந்து வவுனியா. வவுனியாவிலிருந்து ஓமந்தைச் சாவடியால் வன்னிக்குள் போகலாம். பயண அனுமதிப் பாஸ் எடுக்க வேண்டும், கப்பலில் இடம் கிடைக்க நாட்கணக்காகக் காத்திருக்க வேண்டும், பயம், செலவு, எல்லாம் உண்டு. முன்பு பஸ்ஸில் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் போன இடத்துக்கு நாட்டையே சுற்றிப் போக வேண்டும். ஆனாலும் போனவர்கள் இருந்தார்கள்.

ஆகவே என் கேள்வி. உங்கள் கதாநாயகன் வர முடியாமல் போனானா, வராமல் போனானா? இரண்டும் இரண்டு கதை. நம்மில் பலர் எழுதும்போது "யுத்தம் பிரித்தது" என்று சொல்லிவிட்டு இருவரையும் வெள்ளையாக விட்டுவிடுகிறோம். யுத்தம் எத்தனையோ பேரைப் பிரித்ததுதான். ஆனால் அதே யுத்தத்துக்குள் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைத் தெரிவு செய்தோம். பரீட்சை முடியட்டும் என்று இருந்தோம், அம்மா வேண்டாம் என்றதும் நின்றோம், கடிதம் எழுதாமல் விட்டோம். உங்கள் கதையில் யாரும் பிழை விடவில்லை என்றால் மன்னிக்க எதுவும் இல்லை. மன்னிக்க எதுவும் இல்லாவிட்டால், பஸ் தவறவிட்ட இருவர் அடுத்த பஸ்ஸில் சந்தித்த மாதிரித்தான். உங்கள் சிநேகிதிக்கு ஒன்றும் செய்யாமல் போனது அதனால்தான்.

நந்திக்கடற்கரை எழுதியது:

வெட்டைக்காற்று அண்ணா, உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. எங்கள் சனத்தின் கதையில் ஆளுக்கொரு பிழை இருக்கத்தான் வேண்டும் என்று கேட்பது எனக்கு நோகிறது.

என் சித்தியும் சித்தப்பாவும் 2009 மார்ச்சில் புதுமாத்தளனில் பிரிந்தார்கள். சித்தப்பாவுக்குக் காலில் காயம். காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் கடலால் ஏற்றியது உங்களுக்குத் தெரியும். அவரை ஏற்றினார்கள், சித்திக்கும் பிள்ளைகளுக்கும் இடமில்லை. பிறகு அவர் புல்மோட்டை ஆஸ்பத்திரி, அங்கிருந்து வேறெங்கோ. சித்தி மே மாதம் வெளியே வந்து மெனிக் பாமில் இராமநாதன் முகாம். பிரிந்து பதினான்கு மாதத்துக்குப் பிறகுதான் ஒருவரையொருவர் கண்டார்கள். இதில் யார் பிழை?

ஆனால் கேளுங்கள், அண்ணா. கண்ட அன்று சித்தி அழவில்லை. பிள்ளைகளை முன்னுக்குத் தள்ளிவிட்டுத் தான் பின்னால் நின்றாராம். தகரக் கொட்டிலுக்குத் திரும்பி வந்து ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு வருடம் தேவைக்கு மட்டும் கதைத்தார்கள். ஒரு மழை நாளில், கூரை ஒழுக்குக்குப் பாத்திரம் வைத்துக்கொண்டு நின்றபோது, சித்தி கேட்டாராம்: "என்னை விட்டுட்டு ஏன் ஏறினீங்கள்?" அவர் ஏறவில்லை, ஏற்றினார்கள். சித்திக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்டார். சித்தப்பா "இனி ஏற மாட்டன்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பதிலைச் சித்தி இன்றும் எங்களிடம் சொல்லிக் காட்டுவார். அதுக்குப் பிறகுதான் அவர்கள் திரும்பக் குடும்பம் நடத்தத் தொடங்கினார்கள் என்று நான் நம்புகிறேன்.

பிழை வேண்டாம். விட்டுப் போய்விட்டாய் என்ற நோ ஒன்று போதும். அதற்கு நியாயம் தெரியாது.

வெட்டைக்காற்று எழுதியது:

தங்கச்சி, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய் வந்தேன். நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். பிழை என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். ஆனால் "ஏன் ஏறினீங்கள்" என்ற அந்தக் கேள்வி கதையில் கேட்கப்பட வேண்டும். குளக்கட்டுக்காரியின் கதையில் அது கேட்கப்படவே இல்லை.

தண்ணிமுறிப்பான் எழுதியது:

பிள்ளைகள் கதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மாத நாவல் பழக்கமில்லை. ஆனால் இந்த வகைக் கதை நமக்குப் புதிதா? வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு ஒவ்வொரு வைகாசியும் போய் வருகிறோம். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் என்று சொல்லித்தானே பத்தாப்பளை என்று பெயர் வந்தது என்கிறார்கள். கடல் நீரில் விளக்கு எரிக்கும் அந்தக் கோயிலில் இருப்பவள், புருசன் விட்டுப் போய்ப் பிறகு திரும்பி வரக் கண்டவள்தான். முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவன் நான். மாதவியிடம் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு அவன் வெறுங்கையோடு வாசலில் வந்து நிற்பான். சபையில் இருக்கும் பெண்கள் அந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள்.

கண்ணகி அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இன்னும் மாதவிக்குக் கொடுக்கத்தான் காசு தேடுகிறான் என்று நினைத்து, சிரித்த முகத்தோடு, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். ஆகவே கேள்வி கேட்டுத்தான் சேர வேண்டும் என்றில்லை. கேளாமலும் சேர்ந்திருக்கிறார்கள்.

பாலைப்பழம் எழுதியது:

ஐயா, பூம்புகார் வீட்டில் நீங்கள் சொன்னபடிதான். ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லையே. மதுரைக்கு வெளியே இடைச்சி மாதரியின் வீட்டில் கண்ணகி சமைக்கிறாள். தன் கையால் வாழை இலை போட்டு அவனுக்குப் பரிமாறுகிறாள். சாப்பிட்டு வெற்றிலையும் எடுத்த பிறகு அவன் தான் செய்தவற்றையெல்லாம் சொல்லி வருந்துகிறான். எழுந்திரு என்றதும் என்னோடு புறப்பட்டு வந்துவிட்டாயே, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிறான். அப்போதுதான் அவள் வாய் திறக்கிறாள். "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். உயர்தரத்துக்குப் படிக்கும்போது இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. திட்டவும் இல்லை, மூடி மறைக்கவும் இல்லை. நீங்கள் செய்தது நல்லதல்ல, நான் மாறாத மனம் உடையவள், அதனால் எழுந்து வந்தேன் என்கிறாள்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விடுகிறான்.

தண்ணிமுறிப்பான் எழுதியது:

பிள்ளை, நீர் சொல்வது சரி. எனக்கு வாசல் காட்சி மட்டும் மனதில் நின்றுவிட்டது. மாதரி வீட்டை மறந்துபோனேன். சந்தோசம்.

கண்டாவளை ரீச்சர் எழுதியது:

இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு வந்த பேச்சு என்பதைக் கவனித்தீர்களா? எழுதுபவர்களுக்கு அதில் பாடம் இருக்கிறது. பெரிய பேச்சு பெரிய இடத்தில் வர வேண்டியதில்லை. நந்திக்கடற்கரையின் சித்தி ஒழுக்குக்குப் பாத்திரம் வைக்கும்போது கேட்டார்.

நளன் கதையும் இந்த வகைதான். சூதில் எல்லாம் இழந்து, காட்டில் தூங்குகிற மனைவி தமயந்தியின் சேலையைப் பாதியாக அரிந்துகொண்டு போகிறான். அவளுடைய நன்மைக்குத்தான் போகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான். அந்தச் சமாதானத்தை எத்தனை ஆண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! ஆனால் தமயந்தி அழுதுகொண்டே இருந்துவிடவில்லை. இரண்டாம் சுயம்வரம் என்று செய்தி அனுப்பி, தேரோட்டியாக ஒளிந்திருந்தவனை வரவழைக்கிறாள். வந்தவன் அவன்தானா என்று சமையலின் சுவையை வைத்தும், பிள்ளைகளை அனுப்பியும் சோதிக்கிறாள். இருவரையும் சேர்த்துவைத்தது அவளுடைய மூளை.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஆங்கிலத்தில் இந்த வகைக்குத் தாய் வேர் போலச் சொல்லப்படுவது ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்'. அவர் இறந்த பிறகு, 1817 கடைசியில் வெளிவந்தது. பத்தொன்பது வயதில் பெரியவர் ஒருவரின் புத்திமதியைக் கேட்டு வேண்டாம் என்று சொன்னவனை, இருபத்தேழு வயதில் கதாநாயகி திரும்பச் சந்திக்கிறாள். அதன் முடிவை ஆஸ்டின் இரண்டு முறை எழுதினார். முதலில் எழுதிய அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி இன்றும் இருக்கிறது. அதில் மூன்றாம் ஆள் ஒருவர் இருவரையும் ஓர் அறையில் சந்திக்க வைக்கிறார், விஷயம் தீர்ந்துவிடுகிறது. அவருக்கு அது திருப்தி தரவில்லை. மாற்றி எழுதியதில் அவள் இன்னொருவரோடு கதைத்துக்கொண்டிருக்கிறாள், நம்பிக்கை போன பிறகும் பெண்கள் அன்பை விடுவதில்லை என்று. அறையின் மறுபக்கத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருப்பவன் காதில் அது விழுகிறது. அவன் அவளுக்கே ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போகிறான். முதல் வடிவத்தில் அவள் பெரிதாக ஒன்றும் பேசாமலே எல்லாம் நடந்துவிடுகிறது. இரண்டாவதில் அவள் பேசியதால்தான் நடக்கிறது.

குளக்கட்டுக்காரி, உங்கள் கதையில் முடிவைக் கொண்டுவருவது யார்?

குளக்கட்டுக்காரி எழுதியது:

ரீச்சர், அவனுடைய மாமா. சம்பந்தம் பேசி வருகிறார்.

எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கதாநாயகிக்கு 2008 இல் ஒரு கலியாணம் நடந்தது. பிள்ளைகளை இயக்கத்துக்குப் பிடித்துப்போகிறார்கள் என்று பயந்து வீட்டுக்காரர் அவசரமாகச் செய்துவைத்த கலியாணம். அந்த நேரம் அப்படி எத்தனை நடந்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்தக் கணவனைக் காணவில்லை. கதையில் இதை ஒரு பந்தியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். காதல் கதையில் இதை அதிகம் எழுதினால் பாரமாகிவிடும் என்று பயந்தேன்.

நந்திக்கடற்கரை எழுதியது:

அக்கா! ஒரு பந்தியா?

கோபிக்காதீர்கள். இதுதான் உங்கள் கதை என்று எனக்குப் படுகிறது. எங்கள் ஊரில் இப்படி இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

ஒன்று, அவள் விதவை இல்லை. விதவை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள். பொட்டு வைப்பாள். ஆனால் வைக்கும்போது ஊர் பார்க்கும். 2010 இல் வந்த தற்காலிகச் சட்டத்தின்படி, ஒரு வருடத்துக்கு மேல் காணாமல் இருப்பவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம். எடுக்கச் சொல்லி எத்தனையோ பேரிடம் கேட்டார்கள். பலர் மாட்டோம் என்றார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் நானே அவரைக் கொன்ற மாதிரி என்று ஒரு அக்கா என்னிடம் சொன்னார். பிறகு 2016 இல் திருத்தம் செய்து, காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று வந்தது. இறந்துவிட்டார் என்று சொல்லாமலே காணி, வங்கி, கொடுப்பனவு அலுவல்களைப் பார்க்க அது உதவும். ஆனால் அதை வைத்துக்கொண்டு இன்னொருவரைப் பதிவுக் கலியாணம் செய்ய முடியாது, அவள் இன்னும் அவருடைய மனைவிதான்.

இப்போது உங்கள் கதாநாயகனை யோசித்துப் பாருங்கள். அவன் அவளைக் கலியாணம் செய்ய வேண்டுமென்றால் அவள் முதலில் பிரதேச செயலகத்துக்குப் போய் மரணச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் அதை அவளிடம் கேட்பானா? எந்த வாயால் கேட்பான்? கேட்டால் அவள் என்ன ஆவாள்?

இரண்டு, மாமியார். 2018 என்கிறீர்கள். 2017 பெப்ரவரி 20 இல் காணாமற்போனவர்களின் உறவினர் தொடங்கிய போராட்டம், கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், ஏ9 ஓரத்தில். அந்தக் கொட்டகையில் மகனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய மாமியார் இருப்பார். பகல் முழுக்க இருப்பார். மருமகள் வேலை முடிந்து வரும்போது தேத்தண்ணீர்ப் போத்தலோடு அங்கே போவாள். அவளும் அவனும் பஸ்ஸில் ஒன்றாகப் போனால்கூட அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பாலைப்பழம் எழுதியது:

நந்திக்கடற்கரை அக்கா, வாசித்துவிட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் நான் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். அப்படியென்றால் இவளுக்குச் சந்தோசமான முடிவே கிடையாதா? இந்த வகைக் கதையின் வாசகிக்கு நாம் கொடுக்கும் வாக்கு, கடைசியில் சேருவார்கள் என்பது. அந்த வாக்கை உடைத்தால் அது வேறு வகைக் கதை. எங்கள் பெண்களைப் பற்றி எழுதும்போது மட்டும் ஏன் எப்போதும் கண்ணீரில் முடிக்கிறார்கள்? வெளியிலிருந்து எழுதுபவர்களுக்கு நாங்கள் அழுதால்தான் இலக்கியம். எனக்கு இவள் சேர வேண்டும். முப்பத்து மூன்று வயதில் ஒரு பெண் சிரிக்க வேண்டும், சைக்கிளில் போகும்போது பழைய பாட்டொன்றை முணுமுணுக்க வேண்டும். அதுவும் வன்னியில் நடக்கிறதுதானே.

நந்திக்கடற்கரை எழுதியது:

நடக்கிறது தங்கச்சி. நான் சேர வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமா வந்து சம்பந்தம் பேசித் தீர்க்கிற விஷயமில்லை என்றுதான் சொன்னேன். ஒரு அக்காவுக்கு அவருடைய மாமியாரே, "நான் இருந்து பார்க்கிறன், நீ போய் வாழு" என்று சொன்னதை நான் அறிவேன். மகனைத் தேடுவதை அவர் ஒரு நாளும் விடவில்லை. மருமகளை மட்டும் விட்டார். எந்தக் காதலன் பேசும் வசனமும் அதற்குக் கிட்ட வராது.

கண்டாவளை ரீச்சர் எழுதியது:

இதை எழுதுங்கள், குளக்கட்டுக்காரி. ஆனால் மாமியாரின் வாயில் முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். மாமாவுக்குப் பதிலாக மாமியார் வந்து தீர்த்துவைத்தாலும் உங்கள் பெண் சும்மா நிற்கிறவள்தான். அவள் போய்க் கேட்க வேண்டும். அனுமதியாக இல்லாவிட்டாலும், சொல்லவாவது வேண்டும்.

வெட்டைக்காற்று எழுதியது:

இன்னொரு சின்ன விஷயம். திரும்பச் சந்திக்கும்போது இருவரும் பழைய ஆட்களாக இருக்கக் கூடாது. நிறையக் கதைகளில் அவன் அவளைப் பார்த்ததும் "கொஞ்சமும் மாறவில்லை" என்கிறான். மாறாமல் எப்படி இருப்பாள்? அவன் கம்பஸ் முடித்து அரச உத்தியோகத்தில், அரிசியைக் கடையில் வாங்குகிறவன். அவள் இரணைமடுத் தண்ணீரில் சிறுபோகம் செய்து, உழவுக்கு ஆள் பிடித்து, கடன் கட்டி வாழ்கிறவள். வாய்க்காலில் தண்ணீர் எந்த நாள் யார் பக்கம் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ரியூசன் வகுப்பில் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தானே. இப்போது அவளிடம் கேட்டு நடக்க வேண்டியவன் அவன். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

குளக்கட்டுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்றிரவு மாமா வரும் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். கொட்டகைக் காட்சி எழுதத் தொடங்கியிருக்கிறேன். தேத்தண்ணீர்ப் போத்தலோடு அவள் வருகிறாள், மாமியார் படத்தின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. அவர்களை அப்படியே கொஞ்சம் இருக்க விட்டிருக்கிறேன்.

வெட்டைக்காற்று அண்ணாவின் முதற் கேள்விக்கும் பதில் எடுத்துவிட்டேன். அவன் வரவில்லை. வந்திருக்கலாம், வரவில்லை. பயந்தான். அதை அவன் அவளிடம் சொல்ல வேண்டும். அவள் "ஏன் வரேல்லை" என்று கேட்பாள்.

அதற்கு முன் எனக்கு ஒரு உதவி வேண்டும். 2006 கடைசியில், 2007 இல், யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்குப் போய் ஓமந்தையால் உள்ளே வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அவன் எதற்குப் பயந்தான் என்று சரியாக எழுத வேண்டும்.

தண்ணிமுறிப்பான் எழுதியது:

என் மருமகன் ஒருவர் வந்தவர், பிள்ளை. கம்பஸில் இரண்டாம் வருடம். தாய்க்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டு 2007 தைப்பொங்கலுக்கு வந்தார். ஒரு கிழமை நின்றுவிட்டுப் போகலாம் என்று நினைத்து வந்தவர். திரும்பி வெளியே போகப் பாஸ் கிடைக்கவில்லை. படிப்பு அத்தோடு நின்றது. மற்றதெல்லாம் எங்களோடு பட்டார்.

இப்போது முத்தையன்கட்டுப் பக்கம் தோட்டம் செய்கிறார். இன்றிரவு கதைத்துப் பார்க்கிறேன். கேட்டால் எல்லாம் சொல்லுவார். தாய் அந்த மாசியிலேயே செத்துவிட்டார். வந்ததற்காக ஒரு நாளும் கவலைப்பட்டதாக அவர் சொல்லி நான் கேட்கவில்லை.